சனிக்கிழமை வாசம்

"அத்தை, மறுபடியும் அந்த வாசம் வருது!"

வயிற்றில் மூன்று மாதக் கருவோடு அடுப்படி வாசலில் நின்ற அனிதாவுக்குக் குரல் நடுங்கியது. மாமியார் ஆராயி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மூச்சை ஆழமாக இழுத்தாள்.

அந்தக் குமாரபாளையத்து வீட்டுக் கூடத்தில், மாலை போட்ட படத்துக்குள் நாத்தனார் ரஞ்சனி சிரித்துக்கொண்டிருந்தாள். வாராவாரம்போல அம்மாபேட்டைக்கு நூல் விசாரிக்கப் போய்விட்டு அப்போதுதான் திரும்பிய மாமனார் செங்கோடன், தலையில் கட்டிய துண்டோடு படத்துக்குக் கீழே கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். கூடம் முழுக்க டீ ட்ரீ ஆயில் வாசம்.

பொடுகுக்கு ரஞ்சனி அதைத்தான் தேய்ப்பாளாம். மஞ்சள் காமாலையில் போய்விட்டாள் என்று பெண் பார்க்க வந்தபோதே சொன்னார்கள். அவள் துணிமணி, புத்தகம் எல்லாவற்றையும் செங்கோடனே கொல்லையில் போட்டுக் கொளுத்தினாராம். அவள் பேரைக்கூட யாரும் எடுக்கக் கூடாதாம். பெற்ற மனசு, தாங்கவில்லை போலிருக்கிறது என்று அனிதா நினைத்துக்கொண்டாள்.

ஆனால் இந்த வாசம்? அதுவும் சனிக்கிழமை சனிக்கிழமை! பெண்கள் எண்ணெய் தேய்க்கும் வெள்ளிக்கிழமையை விட்டுவிட்டு, ஆம்பளைகள் தேய்க்கும் நாளாகப் பார்த்து எந்தப் பெண் பேயாவது வருமா? யோசிக்க யோசிக்க உதறல்தான் எடுத்தது.

போன வாரம் பருப்பு டப்பாவுக்குப் பின்னால் ஒரு குட்டிப் பாட்டில் அகப்பட்டது. கொளுத்தியதில் தப்பிய ரஞ்சனியின் எண்ணெய். ஆராயிதான் ஒளித்து வைத்திருக்க வேண்டும்.

கல்யாணத்துக்கு முன் சேலத்தில் பியூட்டி பார்லரில் வேலை பார்த்தவள் அனிதா. திறந்த பாட்டில் நாளானால் கெட்டுப்போகும், டர்பன்டைன் நெடி அடிக்கும், தோலில் பட்டால் எரிந்து தடித்துவிடும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அந்தப் பாட்டிலில் நெடிதான் அடித்தது. கூடத்தில் வருவதோ, தேங்காயெண்ணெயில் நாலு சொட்டு விட்டுப் பக்குவமாகக் கலந்த புது எண்ணெய்.

செத்தவளுக்குப் புது எண்ணெய் யார் வாங்கிக் கொடுத்தது? ஐயோ சாமி!

"தெவசமாவது ஒழுங்கா குடுங்க அத்தை. அவங்க ஆத்மா அலையுது."

"தெவசமா? என்ற புள்ளைக்கா?" ஆராயி சீறினாள். "இன்னொருக்கா அந்தப் பேச்சை எடுத்தீன்னா எனக்குக் கெட்ட கோவம் வந்துரும், பாத்துக்க!"

இனி ஒரு நிமிஷம்கூட இங்கே இருக்க முடியாது. வயிற்றுப் பிள்ளை நல்லபடியாகப் பிறக்க வேண்டும். அனிதா பையில் துணியைத் திணித்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். மாமனார் காலைத் தொட்டுக் கும்பிட்டாள்.

"வாழப்பாடிக்கு எங்கம்மா வீட்டுக்குப் போறேன் மாமா. பேய் நடமாடுற வீட்டுல என்னால புள்ள பெத்துக்க முடியாது."

செங்கோடன் கண்ணைத் திறந்தார். அவள் கையிலிருந்த பையைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"வேண்டாஞ் சாமி. இந்த ஊட்ட உட்டு இன்னொரு புள்ள போவக் கூடாது."

தலைத்துண்டை மெல்ல அவிழ்த்தார். வாசம் குப்பென்று அடித்தது. நரைமுடி எண்ணெயில் பளபளத்தது. பள்ளிக்கூடம் போகும் பையனுக்குச் சீவிவிட்டதுபோல் யாரோ வகிடெடுத்துப் படியச் சீவியிருந்தார்கள்.

"பேயுமில்ல பிசாசுமில்ல. என்ற தலையில இருந்துதான் வருது."

"உங்களுக்கு யாரு மாமா தேச்சு விட்டாங்க?"

அவரால் படத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. கண் நிறைந்துவிட்டது.

மகள் படத்துக்கு அவர் மாலை போட்ட நாளிலிருந்து மூன்று வருஷமாகப் புருஷன் முகம் பார்த்துப் பேசாத ஆராயி, ஈரக்கையோடு அடுப்படியிலிருந்து வந்தாள். குனிந்து அந்த நரைத்த தலையை முகர்ந்தாள்.

"ஏனுங்க... நம்ம ரஞ்சனி நல்லாருக்காளாங்க?"