பண்டகசாலைத் தெருச் சுவர்

கடல் ஏறி ஊரை வழித்துக்கொண்டு போன பிறகு, வரைபட மெஷின் நாங்கள் தங்கியிருந்த நிவாரண முகாமுக்கு வந்தது. ஒரு தெருவைப் பற்றி உயிரோடிருக்கும் இரண்டு பேர் ஒன்றுபோலச் சொன்னால் அதைத் திரும்பக் கட்டுவார்கள். இல்லாவிட்டால் வரைபடத்தில் அந்த இடம் நீல ஏரி.

பண்டகசாலைத் தெருவில் மிஞ்சியது நானும் பக்கத்து வீட்டு மரியசூசையும்தான். எங்களுக்குள் வெகுகாலமாகச் சுவர்த் தகராறு.

"சுவர் வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம். மரம் என்னுது," என்றேன்.

"உம்ம மூஞ்சி! மரம் என்னுதுய்யா. செத்தாலும் மாத்திச் சொல்ல மாட்டேன்," என்றான் அவன்.

மெஷினோடு வந்த பெண் கெஞ்சினாள். "ஒரு முழ மண்ணுதானே? யாராவது விட்டுக்குடுங்கய்யா. தெருவே போயிடும்."

"மெஷினக் காட்டி எம் மண்ணப் புடுங்கவா வந்திருக்கே?" என்று எழுந்து வந்துவிட்டேன்.

ராத்திரி முழுக்க மனசு கேட்கவில்லை. என் பெண்டாட்டியைக் கடல் இழுத்துப்போன வாசல் அந்தத் தெருவில்தான் இருக்கிறது. மரம் அவனுக்கே போகட்டும் என்று காலையில் போனேன். முகாம் காய்ச்சலில் மரியசூசை செத்துக் கிடந்தான்.

அந்தப் பெண்ணிடம் ஓடினேன். "மரம் அவனுதுதாம்மா. அவன் சொன்னதுதான் சரி. போட்டுக்கோ."

"செத்தவங்க சொன்னத மெஷின் அப்பவே அழிச்சிரும்யா. இப்ப நீங்க ஒருத்தர்தான்."

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரையில் எங்கள் தெரு நீலமானது.