முழுக்கை கவுன்

“என்ன, பொண்ணுக்குப் பிறந்தநாளா?” என்று கேட்டார் சூப்பர்வைசர். அவள் கையிலிருந்த கவுனை அவர் பார்த்தார். இளமஞ்சள் நிறம், முழுக்கை, கழுத்தில் வெள்ளை லேஸ். ஐந்து வயசுக் குழந்தைக்குக் கச்சிதமாக இருக்கும்.

அவள் பதில் சொல்லவில்லை. தையல் ஷெட்டில் அவளுக்கு ‘ரேடியோ’ என்று பெயர். வாயைத் திறந்தால் மூடமாட்டாள். மூன்று நாள் லீவுக்குப் பிறகு வந்தவள், வருகைப் பதிவுகூடப் போடாமல் நேரே கவுன் குவியலுக்குப் போய் இதைத் தேடி எடுத்திருந்தாள்.

“காய்ச்சல்னு சொன்னியே, இப்ப எப்படி இருக்கா?”

“காய்ச்சல் விட்டுடுச்சு சார். இந்த ஒண்ணை மட்டும் வெட்டாம குடுத்துடுங்க சார்.”

“ஆரம்பிச்சிட்டியா!” என்று சூப்பர்வைசர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

போன மாசம்வரை கவுன் தைத்த அந்த ஷெட்டில் இப்போது வேலையே வெட்டுவதுதான். ஆர்டர் கொடுத்த பெரிய கடை கடைசி நேரத்தில் வேண்டாமென்று சொன்ன எட்டாயிரம் கவுன், அத்தனையும் புத்தம்புதுசு. விலை குறைத்து விற்றாலும் சும்மா கொடுத்தாலும் கடையின் பேர் கெட்டுப்போகுமாம். ஒவ்வொன்றிலும் கத்தரி விழவேண்டும், பிறகு எரிக்கவேண்டும். என்ன கண்றாவி நியாயமோ!

“வெட்டின துணின்னா அள்ளிக்கிட்டுப் போ, வீடு துடைச்சுக்கோ, நான் ஏன்னு கேக்கமாட்டேன். முழுசா ஒண்ணு கேட்டைத் தாண்டினா என் வேலை போயிடும். எனக்கும் ரெண்டு பொண்ணு இருக்கும்மா.”

“இந்த லேஸ் தைச்சதே நான்தான் சார். அப்பவே பாப்பா கேட்டா, எனக்கும் ஒண்ணு கொண்டுவாம்மான்னு. கொண்டுவர்றேன்னு சொல்லிட்டேன்.”

சூப்பர்வைசர் பேச்சை மாற்றப் பார்த்தார். “இந்த வெயில்ல போய் முழுக்கை எதுக்கு? புழுங்கிடாதா?”

“ஆஸ்பத்திரியில ஊசி குத்திக் குத்திக் கையெல்லாம் நீலம் பாரிச்சிருக்கு சார். முழுக்கைன்னா மறைச்சிடும்.”

கேட்டில் செக்யூரிட்டி ஒவ்வொரு பையாகத் திறந்து உதறிக்கொண்டிருந்தான். சூப்பர்வைசர் அதைப் பார்த்தார். அவளைப் பார்க்க அவருக்கு முகமில்லை.

“முடியாதும்மா. என்னைத் தப்பா நினைக்காதே.”

அவள் கவுனை மேஜைமேல் குப்புறப் போட்டு, சுருக்கமில்லாமல் நீவி, கத்தரியை எடுத்தாள். பின்கழுத்தில் ஆரம்பித்துக் கீழ்மடிப்புவரை நேராக ஒரே வெட்டு. முன்பக்கம் ஒரு நூல்கூடப் பிசகவில்லை.

“வெட்டியாச்சு. இப்ப எடுத்துட்டுப் போலாமா சார்?”

“தாராளமா எடுத்துட்டுப் போ. ஆனா பைத்தியக்காரி, முதுகு பூரா ரெண்டாப் பிளந்து கிடக்கே, இதைப் போட்டுக்கிட்டு பாப்பா எப்படி வெளிய வருவா?”

அவள் லேஸ் கசங்காமல் கவுனை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

“படுக்கவெச்சா தெரியாது சார்.”