அவள் எழுதிய பெயர்

"வேன் டிரைவரா?"

கணக்கு சார் நோட்டீஸ் போர்டை இரண்டாம் முறை படித்தார். எழுத்து மாறவில்லை. ஏழாம் வகுப்பு, அவருடைய மகள். எதிரே, 'வேன் அண்ணன், புதன்கிழமை'.

சின்னப் பள்ளிக்கூடம். ஆறு, ஏழு, எட்டு மூன்றும் சேர்ந்தே நாற்பது பிள்ளைகள்தான். அந்த வயதில் பிள்ளைகளுக்குக் கால் நீளும், வாய் மூடிக்கொள்ளும். அதற்காகத் தலைமையாசிரியை ஓர் ஏற்பாடு செய்திருந்தார். பள்ளியில் வேலை செய்கிறவர்களில் யாராவது ஒருவர் பெயரைப் பிள்ளைகள் எழுதித் தரலாம். வாரம் ஒருநாள் மதியம், கால் மணி நேரம், அவரோடு உட்கார்ந்து மனதில் இருப்பதைப் பேசலாம். பேசியது வெளியே போகக் கூடாது. சொந்த அப்பா, அம்மாவை எழுதக் கூடாது. மற்றபடி ஆசிரியரோ, கிளார்க்கோ, யாராக இருந்தாலும் சரி.

அதற்காக இப்படியா?

கணக்கு சாரை நாலு பேர் எழுதியிருந்தார்கள். டிரைவரை ஐந்து பேர். அந்த ஐந்தாவது ஆள் இவர் பெண்.

நேரே தலைமையாசிரியை அறைக்குப் போனார்.

"மேடம், அந்த ஆளு எத்தனாவது வரைக்கும் படிச்சிருக்கான்?"

"நான் கேட்டதில்ல சார். பிள்ளைங்களும் கேக்கல."

"நான் ரெண்டு டிகிரி. பதினெட்டு வருஷ சர்வீஸ்."

"உங்க பொண்ணு உங்களை எழுத முடியாதே?"

"சயின்ஸ் டீச்சர் இல்லையா? லைப்ரரி மேடம் இல்லையா? போயும் போயும்..."

"அவ இஷ்டம் சார்."

தலைமையாசிரியை ஃபைலைத் திறந்தார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

புதன்கிழமை மதியம் கணக்கு சாருக்கு வேன் ஷெட் பக்கம் ஒரு வேலையும் கிடையாது. போனார்.

வேன் படியில் டிரைவர். எதிரே கவிழ்த்த வாளிமேல் மகள். கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். நடுவில் ஒருமுறை கண்ணைத் துடைத்தாள். அப்புறம் சிரித்தாள். டிரைவர் வாயைத் திறக்கவில்லை. தலையை ஆட்டியதோடு சரி.

வீட்டில் இவள் ஒரு நாளைக்குப் பேசுவது மூன்றே வார்த்தை. 'ம்.' 'சாப்பிட்டேன்.' 'தெரியல.' இங்கே கொட்டுகிறது.

கணக்கு சாருக்கு வயிறு எரிந்தது.

மறுநாள் அவருடைய முறை. ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் வந்து உட்கார்ந்தான். விளையாட்டில் யாரும் சேர்த்துக்கொள்வதில்லையாம். சொல்வதற்குள் நாலு தடவை திக்கினான்.

"அவசரமே இல்லடா. மெதுவா சொல்லு" என்றார். மணி அடித்த பிறகும் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பையனுக்கு அவரை எழுதத் தோன்றியதில் ஆச்சரியமில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் பரீட்சைப் பேப்பர் கட்டைப் பிரித்தபோது மகள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அப்பா, உங்ககிட்ட ஒண்ணு..."

"இரு. எனக்கு முதல்ல இதைச் சொல்லு. டிரைவர்கிட்ட என்ன அவ்வளவு பேச்சு?"

அவள் முகம் மாறியது. "ஒண்ணுமில்லப்பா."

"அப்பன்கிட்ட சொல்ல முடியாதது, அவன்கிட்ட மட்டும் என்ன?"

"ஒண்ணுமில்லன்னேன்ல."

உள்ளே போய்விட்டாள். துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்.

"அவ என்னமோ சொல்ல வந்தா. நீங்க கேள்வித்தாளை நீட்டிட்டீங்க."

"நீ சும்மா இரு. எல்லாம் அவன் கெடுக்கற வேலை."

அடுத்த புதன்கிழமை, மகள் வகுப்புக்குத் திரும்பும்வரை கணக்கு சார் தூணுக்குப் பின்னால் நின்றார். அப்புறம் விடுவிடுவென்று வேனருகே போனார்.

"ஏம்ப்பா, என்ன மருந்து வெச்ச?"

டிரைவர் எழுந்து நின்றார். "யாருக்கு சார்?"

"என் பொண்ணுக்கு. உன்கிட்ட என்ன பேசறா?"

"அதைச் சொல்லக் கூடாது சார்."

"நான் அவ அப்பா."

"அதனாலதான் சார் சொல்லக் கூடாது."

"நக்கலா?"

"ஐயையோ, இல்ல சார்."

கணக்கு சார் சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்தார்.

"இது என்ன தெரியுமா? நிர்வாகத்துக்குப் புகார். நீ வண்டியைக் கவனிக்காம பிள்ளைங்களோட வெட்டி அரட்டை அடிக்கறதா எழுதியிருக்கேன். இதைக் குடுத்தா அடுத்த வாரம் இங்க வேற டிரைவர் நிப்பான்."



"குடுங்க சார். ரெண்டு பிள்ளைங்க இருக்கு எனக்கு, வேலை வேணும்தான். ஆனா உங்க பொண்ணு சொன்னதை என் வாயிலேர்ந்து வாங்க முடியாது."

கணக்கு சார் திரும்பி நடந்தார். பத்தடி போனவர் நின்றார். திரும்பி வந்தார். இப்போது குரல் இறங்கியிருந்தது.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுப்பா. எனக்குத் தெரியாதது அப்படி என்ன உனக்குத் தெரியும்? எதுக்கு உன்னைப் போய் எழுதினா?"

டிரைவர் தாளைப் பார்க்கவில்லை. கணக்கு சாரின் முகத்தைப் பார்த்தார்.

"எனக்கு என்ன சார் தெரியும்? அது பேசும், நான் கேப்பேன். என்ன பேசும்னு சொல்ல மாட்டேன். எப்படி ஆரம்பிக்கும்னு வேணா சொல்றேன்."

"சொல்லு."

"என்னை இந்தப் படியில உக்கார வெச்சுட்டு, 'அண்ணே, இப்ப நீங்கதான் எங்கப்பான்னு வெச்சுக்குங்க'ன்னு சொல்லித்தான் சார் ஆரம்பிக்கும்."