மலைவரைக்கும் கேட்ட சங்கம்

அக்கரை நாவல் மரங்களுக்காக இரண்டு குரங்குக் கூட்டங்கள் சண்டையிட்டன. இக்கரையிலிருந்து போன நாற்பது பேரில் ஒன்பது பேர்தான் மிஞ்சினார்கள். அவர்களில் ஒருவனான சடையன் ஆற்றை நீந்தித் திரும்பி வந்து தலைவனிடம் சொன்னான்:

“அவரவர் கரையோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று எதிரிகள் சொல்கிறார்கள், தலைவரே. ஒத்துக்கொள்ளுங்கள்.”

தலைவன் தலையசைக்கப் போனான். அதற்குள், காட்டைப் பெருக்க வேண்டும் என்று அந்தக் கூட்டத்திலேயே சிலர் அமைத்திருந்த பெருங்காட்டுச் சங்கத்தார், கூட்டம் குடியிருந்த ஆலமரத்தைப் பிடித்து உலுக்கினார்கள். அவர்களில் ஒருவர்கூட ஆற்றைத் தாண்டியதில்லை.

“அக்கரையும் நமது, அதற்கப்பால் மலையும் நமது!” என்று கத்தினான் சங்கத்தை நடத்தும் பொன்வாலன். “குறைத்துக் கேட்பவன் துரோகி!”

கூட்டமும் சேர்ந்து கத்தியது. தலைவனுக்குப் பயம் வந்துவிட்டது. “போய்ச் சண்டையைத் தொடர்” என்றான்.

“நீங்களும் வாருங்களேன்” என்று சடையன் சங்கத்தாரைக் கேட்டான்.

“நாங்களும் வந்துவிட்டால் இங்கே உங்களுக்காக யார் முழங்குவது?” என்றான் பொன்வாலன்.

மூன்றாம் நாள் எதிரிகள் ஆற்றைக் கடந்து வந்து ஆலமரத்தையும் பிடித்துக்கொண்டார்கள். தப்பியவர்கள் ஒரு மொட்டைப் பாறையில் ஒடுங்கிக் கிடந்தார்கள். ஒன்பது பேரில் சடையன் மட்டும் உடம்பெல்லாம் காயத்தோடு அங்கே வந்து சேர்ந்தான்.

“எப்படித் தோற்றோம்?” என்று மகனைச் சண்டைக்கு அனுப்பியிருந்த ஒரு தாய் கேட்டாள்.

பொன்வாலன் சடையனைக் காட்டினான். “அன்றைக்கே சமாதானம் பேச வந்தானே, இவனால்தான்.”

தாய் சடையன் பக்கம் திரும்பினாள். குனிந்து ஒரு கல்லை எடுத்தாள்.