தெர்மாகோல் தேவதூதன்

கிறிஸ்துமஸ் வந்தால், வள்ளூரில் மோனிகாவின் வீட்டு வாசலில் ஒரு தெர்மாகோல் தேவதூதன் நிற்பான். கடல் காற்று லேசாக அடித்தாலே சாய்ந்துவிடுகிற பொம்மை. அவள் கணவன் ஜெயராஜ்தான் ஆண்டுதோறும் மண்ணில் ஒரு கம்பியை ஆழமாக அடித்து, அதில் பொம்மையைக் கட்டி வைப்பான்.

ஜெயராஜ் சித்திரையில் இறந்துபோனான். இந்த முறை மோனிகாவே கம்பியை நட்டாள். மணல் பொலபொலவென்றிருந்தது. விரலால் தொட்டாலே கம்பி ஆடியது. விழுந்தால் விழட்டும் என்று விட்டுவிட்டாள்.

பண்டிகைக்கு முன்னால் பெருங்காற்றோடு மழை வந்தது. தெருவிலிருந்த நட்சத்திரங்களும் குடில்களும் பறந்துபோயின. தேவதூதன் மட்டும் அசையவில்லை.

பொங்கல் நெருங்கியதும், கழற்றி வைக்க ஜெயராஜின் தம்பி ஸ்டீபன் வந்தான். இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தான். கம்பி வரவில்லை.

"இன்னா அண்ணி, சிமெண்ட் கொட்டி நட்டீங்களா?"

"சும்மா மண்ணுலதான் சொருவுனேன்."

அவன் கடப்பாரை வாங்கப் பக்கத்து வீட்டுக்குப் போனான். மோனிகா மண்டியிட்டுக் கம்பியைப் பிடித்து மெல்ல இழுத்தாள். கீழிருந்து ஏதோ பதிலுக்கு மெல்ல இழுத்தது. அவள் கையை எடுக்கவில்லை.

"போதும்யா," என்றாள். "கை வலிக்கும். வுட்டுடு."

கம்பி வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. மார்கழிப் பனியில் அதன் மேல்பாதி சில்லென்றிருந்தது. மண்ணுக்குள் இருந்த பாதி கதகதப்பாக இருந்தது. அது ஆறும்வரை மோனிகா அதைக் கையிலேயே பிடித்திருந்தாள்.