நேராக உட்கார்ந்த கியர்பாக்ஸ்

அன்று லாரிக்கடியில் இருந்தவர்கள்: பழைய கியர்பாக்ஸ் ஒன்று, புது கிளட்ச் பிளேட் ஒன்று, பழைய போல்ட்டுகள் எட்டு. ஆக மொத்தம் பத்துப் பேர்.

கியர்பாக்ஸ் கோணலாக உட்கார்ந்ததில் முந்தைய பிளேட் கருகிப்போயிருந்தது. புது பிளேட் கியர்பாக்ஸிடம் கெஞ்சியது.

"அண்ணே, இந்தத் தடவையாவது நேரா உட்காருங்க. நானும் கருகிடப்போறேன்."

"நான் நேராத்தான்டா இருக்கேன். லாரிதான் கோணல்."

"ஆமாண்ணே!" என்றன எட்டு போல்ட்டுகளும்.

மெக்கானிக் ஜாக்கியை அரை அங்குலம் உயர்த்தித் தள்ளினார். கியர்பாக்ஸ் சொடக்கென்று நேராக உட்கார்ந்தது.

"பார்த்தியா, லாரி வழிக்கு வந்துடுச்சு!"

"எல்லாம் உங்க தயவுண்ணே" என்று பிளேட் மூச்சு விட்டது.

மரை தேய்ந்த பழைய போல்ட்டுகளைத் தரையில் வீசிவிட்டு, மெக்கானிக் புதியவற்றை முடுக்கினார். லாரி கருகல் வாடையில்லாமல் கிளம்பியது.

"போறதைப் பாரு, எவ்வளவு கோணல்!" என்று தரையில் மிச்சம் கிடந்து சிரித்தவை, எட்டு.