குலுக்கலில் விழாதவர்கள்

“உன் பைலாட்டிஸ் தோத்துப் போச்சும்மா.” பேராசிரியர் டார்க்வா அறிக்கையை மேஜைமேல் போட்டார். “வெள்ளிக்கிழமைக்குள்ள அந்த அறையைக் காலி பண்ணிடு. புது எக்ஸ்ரே மெஷினுக்கு இடம் வேணும்.”

செர்வாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கானா நாட்டுக் குமாசி நகரில் ஓர் ஆஸ்பத்திரி அறைக்காக இரண்டு வருஷம் நாயாய் அலைந்தவள் அவள். இடுப்பு வலிக்கு மாத்திரையைவிட பைலாட்டிஸ்தான் மேல், பாயில் படுத்து மூச்சைச் சீராக்கி வயிற்றையும் முதுகையும் பலப்படுத்தினால் போதும் என்று நிரூபித்துவிட்டால், அறை அவளுக்கே நிரந்தரம் என்று பேச்சு.

அதற்காகத்தான் சந்தையில் வள்ளிக்கிழங்கு சுமந்து சுமந்து இடுப்பொடிந்த நாற்பது பெண்களைச் சேர்த்தாள். சீட்டுக் குலுக்கியதில் பெயர் விழுந்த இருபது பேருக்கு வாரம் இரண்டு நாள் வகுப்பு. விழாத இருபது பேருக்கு வெறும் மாத்திரை.

மூன்று மாதம் கழித்து அளந்தபோது, பத்துக்கு ஏழாக இருந்த வலி வகுப்புக்காரர்களுக்கு மூன்றாகக் குறைந்திருந்தது. மாத்திரைக்காரர்களுக்கும் அதே மூன்றுதான்.

“ரெண்டும் ஒண்ணுன்னா மாத்திரையே போதுமே!” என்றார் பேராசிரியர்.

வகுப்பில் பட்ட பாட்டை நினைத்தால் செர்வாவுக்கு இன்னும் எரிச்சலாக வந்தது. முக்கியமாக மாமே போமா. கிழங்குக் கடைகளுக்கெல்லாம் அவள்தான் ராணி. லாரியில் வந்து இறங்குவதை ஒருத்திக்கும் குறையாமல் பங்கு வைப்பவள். அவ்வளவு பெரிய மனுஷி, ஒவ்வொரு அசைவையும் “இன்னொரு தரம் காட்டு மகளே” என்று மூன்று தரம் கேட்பாள். பிறகு மேல்துணி முனையில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொள்வாள். இந்த மறதியை வைத்துக்கொண்டு சந்தையை எப்படித்தான் ஆள்கிறாளோ என்று செர்வா பல்லைக் கடித்திருக்கிறாள்.

எங்கேயோ ஏமாற்று நடந்திருக்கிறது என்று தோன்றியது. மறுநாளே மாத்திரைக் குழுவிலிருந்து அஃப்ரியேவை ஆஸ்பத்திரிக்கு வரவழைத்தாள்.

“அக்கா, உண்மையைச் சொல்லுங்க. திருட்டுத்தனமா என் வகுப்புக்கு வந்தீங்களா?”

“ஐயோ டாக்டரம்மா, வாசப்படியைக்கூட மிதிக்கல! வரக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கினீங்களே. வாக்குக் கொடுத்தா கொடுத்ததுதான்.”

“வேற வைத்தியம் ஏதாவது?”

“ஒண்ணும் இல்ல.”

“அப்போ என் மாத்திரைதான் கேட்டுதா?”

அஃப்ரியே கெக்கலித்துச் சிரித்தாள். “அதை யாரு தின்னா? ரெண்டு நாள் போட்டதுக்கே வயிறு காந்திருச்சு. மிச்சத்தை மாமியாளுக்குத் தலைவலிக்குக் கொடுத்துட்டேன். எங்க ஆளுங்க எல்லாரும் அப்படித்தான்.”

செர்வாவுக்கு அழுகையே வந்துவிட்டது. வகுப்பும் இல்லை, மாத்திரையும் இல்லை, வலி மட்டும் தானாகப் போய்விட்டதாம்! இதைச் சொன்னால் பேராசிரியர் விழுந்து விழுந்து சிரிப்பார். ஆத்திரத்தில் அவள் வீசிய பேனா நோயாளிக் கட்டிலுக்கடியில் உருண்டு போனது.

“பேனா உங்களை என்ன பண்ணிச்சு?” அஃப்ரியே தரையில் மல்லாந்து படுத்து, கட்டிலுக்கடியில் கையை விட்டு அதை எடுத்தாள்.

பிறகு மூச்சை இழுத்து நிதானமாக விட்டாள். வயிற்றை எக்கி, தலையை முதலில் தூக்கி, முதுகெலும்பை ஒவ்வொரு கணுவாகத் தரையிலிருந்து பிரித்து, கையை ஊன்றாமல் எழுந்து உட்கார்ந்தாள். முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லை.

வகுப்பில் மாமே போமா மூன்று தரம் காட்டச் சொல்லி செர்வாவைப் படுத்தியெடுத்த அசைவு அது.

“இது... இது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“தினம் காலையில கடை திறக்கறதுக்கு முன்னாடி கோணியை விரிச்சுப் போட்டு, இருபது பேரும் செய்யறோமே.” அஃப்ரியே பேனாவைத் துடைத்து நீட்டினாள். “நாங்க வகுப்புக்குப் போகல டாக்டரம்மா, எங்க ராணிதான் வகுப்பை எங்ககிட்ட கொண்டு வந்தாங்க!”